மீன் அறையின் உட்சுவர்: படகு முதலாளிமார் கவனிக்க மறக்கும் முதலீடு

பம்பலப்பிட்டியில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கினால் ரயில் பாதையும் அதற்கப்பால் கடலும்தான். மீன்பிடித் துறைமுகத்தைப் பார்க்க வேண்டுமானால் வடக்கே முகத்துவாரத்துக்கோ, தெற்கே ஏறத்தாழ 50 கிலோமீற்றர் தூரத்திலுள்ள பேருவளைக்கோ போகலாம். ஆனாலும் கடற்றொழிலில் போடப்படும் பணம் கரையோர ஊர்களில் மட்டும் புரள்வதில்லை. கொழும்பில் கடை வைத்திருப்பவர் தன் மச்சானோடு சேர்ந்து பேருவளையில் ஆழ்கடல் படகொன்றில் பங்கு வைத்திருக்கலாம். பழைய சோனகத் தெருவில் ஹாட்வெயார் நடத்துபவர் ரெசினும் பைபர் மெட்டும் விற்கலாம். இந்த இரு சாராருக்கும் பயன்படும் விடயமொன்றையே இவ்வாரம் எடுத்துக்கொள்கிறோம்.

படகு வாங்கப் போகிறவர் முதலில் என்ஜினைப் பார்க்கிறார். அடுத்து வலையையும் தூண்டில் கயிற்றையும் பார்க்கிறார். வெளிப்புறத்துப் பெயின்ட் பளபளவென்று இருந்தால் மனம் நிறைந்துவிடுகிறது. ஆனால் அந்தப் படகு உழைத்துத் தரும் பணம் முழுவதும் வந்து தங்கும் இடம் ஐஸ் போட்டு மீன் அடுக்கும் அறைதான். அதன் உட்சுவரைக் குனிந்து பார்ப்பவர்கள் குறைவு.

உட்சுவரில் என்ன இருக்கிறது?

எமது நாட்டில் பைபர் படகுகள் 1960, 1970களில் பரவத் தொடங்கின. நோர்வே நாட்டு உதவியுடன் காரைநகரில் ஆரம்பிக்கப்பட்ட சீநோர் நிறுவனம் இத்துறையின் முன்னோடிகளில் ஒன்று. பின்னர் அது கொழும்பு மட்டக்குளியைத் தளமாகக் கொண்டு அரசின் கீழ் இயங்கலாயிற்று. 1980களிலிருந்து பல நாட்கள் கடலில் தங்கும் படகுகள் பெருகின. இன்று அவை வாரக்கணக்கில் ஆழ்கடலில் நின்றுவிட்டே கரை திரும்புகின்றன. அத்தனை நாளும் மீனைக் காப்பது ஐஸ்தான். ஐஸைக் காப்பது மீன் அறையின் சுவர்.

அந்தச் சுவர் மூன்று அடுக்குகளால் ஆனது. வெளியே பைபர், நடுவே குளிர் காக்கும் போம், உள்ளே மீண்டும் பைபர். உள்பைபரின் மேல் பூசப்பட்டிருக்கும் வழுவழுப்பான மேற்பூச்சே ஜெல் கோட். இதற்குத் தனியாகப் பலம் கிடையாது. அரை மில்லிமீற்றர் அளவு தடிப்புள்ள ஒரு தோல் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் தண்ணீர் உள்ளே போகாமல் தடுப்பது இந்தத் தோல்தான்.

ஐஸ் கட்டி விழுந்தும், மண்வெட்டி பட்டும், பெட்டி உரசியும் தோல் வெடிக்கிறது. வெடிப்பின் வழியே ஐஸ் உருகிய தண்ணீரும் மீன் இரத்தமும் போமுக்குள் இறங்குகின்றன. நனைந்த போம் குளிரைக் காப்பதில்லை. அதனால் ஐஸ் விரைவாக உருகுகிறது. படகின் பாரமும் கூடுகிறது. வெடிப்புக்குள் தங்கும் அழுக்கை எந்தத் தூரிகையாலும் எடுக்க முடியாது. அங்கே கிருமிகள் பெருகி அடுத்த பயணத்து மீனுக்கும் தொற்றுகின்றன.

விலையைத் தீர்மானிக்கும் சுவர்

சூரை இன மீன்களில், குறிப்பாகக் கெலவல்லாவில், குளிர் குறைந்தால் ஹிஸ்டமின் என்ற நச்சுப் பொருள் உண்டாகிறது. ஒருமுறை உண்டாகிவிட்டால் சமைத்தாலும் போகாது, மீண்டும் ஐஸில் வைத்தாலும் குறையாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி சோதிக்கப்படும் மாதிரிகளின் சராசரி கிலோவுக்கு 100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. எந்தவொரு மாதிரியும் 200 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. அதே ஒன்றியத்தின் 853/2004 ஆம் இலக்க ஒழுங்குவிதி, மீன் படும் பரப்புகள் அரிப்புக்கு உள்ளாகாதவையாகவும், வழுவழுப்பாகவும், இலகுவில் சுத்தம் செய்யக்கூடியவையாகவும் இருக்க வேண்டும் என்கிறது. மேற்பூச்சு நீடித்து நிற்க வேண்டும், நச்சுத்தன்மை அற்றிருக்க வேண்டும் என்றும் சொல்கிறது.

ஏற்றுமதித் தரத்தில் விலை போக வேண்டிய மீன் தரம் குறைந்தால் உள்ளூர்ச் சந்தைக்குத்தான் போக வேண்டும். பயணச் செலவு போக மிகுதியை உரிமையாளரும் படகில் சென்ற தொழிலாளரும் பங்கிடுவதே எமது கரையோரத்து வழமை. ஆகவே சுவரில் உள்ள வெடிப்பு முதலாளியின் பணப்பையை மட்டுமன்றி, கடலில் வாரக்கணக்கில் கண் விழித்தவர்களின் குடும்பத்தையும் தொடுகிறது.

பெயின்ட் அடித்தால் போதாதா?

இது பலரும் கேட்கும் கேள்வி. வெடிப்பின் மேல் பெயின்ட் அடித்தால் வெடிப்பு மறையும், மூடாது. அத்துடன் இன்னொரு சிக்கலும் உண்டு. பெயின்ட் அடித்த பரப்பின் மேல் ஜெல் கோட் பிடிக்காது. பின்னர் ஜெல் கோட் பூச விரும்பினால் பெயின்ட் முழுவதையும் சுரண்டி எடுக்க வேண்டும். எபொக்சி பூசிய இடத்திலும் பொலியெஸ்டர் ஜெல் கோட் சரியாக ஒட்டாது. அத்தகைய அறையில் தொடர்ந்தும் எபொக்சி வகைப் பூச்சையே பயன்படுத்துவது நல்லது. எனவே எதை வாங்குவதற்கு முன்னும், சுவரில் இப்போது இருப்பது என்ன என்பதைப் பாஸிடம் கேட்டறியுங்கள்.

அடுத்தது போமைச் சோதிப்பது. சிறு சுத்தியலால் சுவரைத் தட்டிக்கொண்டே போனால் நல்ல இடம் கணீரென்றும், பைபர் விலகிய இடமும் நனைந்த இடமும் மந்தமாகவும் ஒலிக்கும். சந்தேகமான இடத்தில் சிறு துளையிட்டுப் பார்க்கலாம். போம் நனைந்திருந்தால் அந்தப் பகுதியை வெட்டி எடுத்துப் புதிய போம் வைத்து, பைபர் மெட் போட்டு மூடிய பின்னரே மேற்பூச்சுப் பற்றிப் பேச வேண்டும். நனைந்த போமின் மேல் பூசப்படும் ஜெல் கோட் வீண் செலவு.

வேலையின் ஒழுங்கு

முதலில் கழுவ வேண்டும், பிறகுதான் தேய்க்க வேண்டும். இந்த வரிசையை மாற்றினால் மீன் கொழுப்பு சாண்ட் பேப்பர் கீறிய கோடுகளுக்குள் போய்ப் படிந்துவிடும். சவர்க்காரமும் நல்ல தண்ணீரும் கொண்டு கழுவி, மூடியைத் திறந்துவைத்துச் சில நாட்கள் காயவிட வேண்டும். காய்ந்ததா என்று அறிய, ஒரு பொலித்தீன் துண்டைச் சுவரில் நாலு பக்கமும் டேப் ஒட்டி ஓர் இரவு விடுங்கள். காலையில் உட்பக்கம் வியர்த்திருந்தால் இன்னும் காயவில்லை.

காய்ந்த சுவரை அசிட்டோன் தோய்த்த துணியால் துடைத்து, 80ஆம் இலக்க சாண்ட் பேப்பரால் மினுக்கம் போகும்வரை தேய்க்க வேண்டும். வெடிப்புகளை ஆங்கில ‘வி’ எழுத்தின் வடிவில் சற்று அகலமாக்கிப் பொலியெஸ்டர் புட்டி நிரப்ப வேண்டும். படகு அசையும்போது சுவர் வளைவதால் உண்டான வெடிப்பு என்றால் புட்டி மட்டும் நிற்காது. அங்கே பைபர் மெட் போட்டுப் பலப்படுத்த வேண்டும்.

ஜெல் கோட்டில் ஒரு குணம் உண்டு. காற்றுப் படும் மேற்பரப்பு முழுமையாகக் காயாமல் பிசுபிசுவென்று நிற்கும். அச்சுக்குள் பூசும்போது இது பிரச்சினையல்ல, மேலே பைபர் வந்து மூடிவிடும். ஆனால் உட்சுவரில் கடைசியாகப் பூசும்போது மெழுகுக் கரைசல் கலந்த ஜெல் கோட்டையே பயன்படுத்த வேண்டும். இதைச் சிலர் புளோ கோட் என்றும் டொப் கோட் என்றும் அழைப்பர். மெழுகு மேலே மிதந்து வந்து காற்றைத் தடுக்க, பூச்சு நன்கு இறுகும். இரண்டு முறை பூசுவதாக இருந்தால் முதல் பூச்சில் மெழுகு சேர்க்காதீர்கள். சேர்த்துவிட்டால் அது காய்ந்த பின் தேய்த்து மெழுகை அகற்றாமல் அடுத்த பூச்சு ஒட்டாது.

கணக்கும் கலவையும்

ஒரு சதுர மீற்றருக்கு அரை மில்லிமீற்றர் தடிப்பில் பூச ஏறத்தாழ 600 கிராம் ஜெல் கோட் தேவை. உதாரணமாக 2 மீற்றர் நீளமும் 2 மீற்றர் அகலமும் ஒன்றரை மீற்றர் ஆழமும் கொண்ட அறையை எடுத்துக்கொள்வோம். நான்கு சுவர்கள் 12 சதுர மீற்றர், தரையும் மேற்தளமும் 8 சதுர மீற்றர், மொத்தம் 20 சதுர மீற்றர். அதற்கு 12 கிலோ வேண்டும். சேதாரம் சேர்த்து 14 கிலோ வாங்கினால் போதும். பாஸ் கேட்டார் என்று 25 கிலோ வாங்குவதும் தவறு, 6 கிலோவை இழுத்துப் பூசுவதும் தவறு.

ஹார்ட்னர் பொதுவாக 100 கிராமுக்கு 1 முதல் 2 கிராம் வரை சேர்க்கப்படும். வெப்பம் கூடிய எமது நாட்டில் ஒன்றரை கிராம் அளவில் தொடங்கலாம். ஆனாலும் தகரத்தில் உற்பத்தியாளர் எழுதியிருப்பதே இறுதி அளவு. கண்ணளவில் ஊற்றாமல் தராசில் நிறுப்பது அவசியம். குறைந்தால் பூச்சு ஒருபோதும் முழுமையாக இறுகாது, கூடினால் நிறம் மாறி நொறுங்கும். கலந்த ஜெல் கோட் 10 முதல் 20 நிமிடத்துக்குள் கட்டியாகத் தொடங்கும். ஆகவே ஒரு கிலோ அளவில் கலந்து பூசி முடித்த பின் அடுத்ததைக் கலக்க வேண்டும். இளகுவதற்காகச் சாதாரண தின்னர் ஊற்றும் பழக்கத்தை அடியோடு நிறுத்த வேண்டும்.

காலம் பார்ப்பது இன்னொரு விடயம். மேற்குக் கரையில் மே முதல் செப்டெம்பர் வரை கடல் கொந்தளிப்பதால் படகைத் திருத்த அதுவே வசதியான காலமாகப் படும். ஆனால் அப்போது மழையும் ஈரமும் அதிகம். உலர்ந்த ஜனவரி, பெப்ரவரியில் படகை நிறுத்த முதலாளிக்கு மனம் வராது. மழைக்காலத்தில் செய்வதானால் கூரையின் கீழ் படகை ஏற்றி, ஈரப்பதன் குறையும் பகல் வேளையில் பூசுங்கள். வெயில் நேரடியாகப் படும் சுவரில் பூசக் கூடாது.

பூசிய பின் அவசரப்பட்டு ஐஸ் ஏற்றாதீர்கள். சில நாட்கள் காற்றோட்டத்தில் விட்டு, வெதுவெதுப்பான சவர்க்காரத் தண்ணீரால் கழுவுங்கள். ரெசின் வாசனை மீனில் ஏறினால் செய்த செலவு முழுவதும் பாழ்.

அறைக்குள் இறங்குபவரின் உயிர்

இதுவரை சொன்னது பணம். இனிச் சொல்வது உயிர். நீண்ட நாள் மூடியிருந்த மீன் அறையில் அழுகல் வாயு தங்கியிருக்கும், ஒட்சிசனும் குறைந்திருக்கும். திறந்தவுடன் எவரும் இறங்கக் கூடாது. ஜெல் கோட்டிலிருந்து வரும் ஸ்டைரீன் ஆவியும் அசிட்டோன் ஆவியும் காற்றைவிடப் பாரமானவை. அவை அறையின் அடியில், வேலை செய்பவர் குனிந்திருக்கும் இடத்தில்தான் தங்கும். எனவே குழாய் பொருத்திய விசிறியால் அடியிலிருந்து காற்றை வெளியே இழுக்க வேண்டும். ஸ்டைரீன் புற்றுநோயை ஏற்படுத்தக்கூடியதாக இருக்கலாம் என்ற வகைப்படுத்தலை உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2018இல் ஒரு படி உயர்த்தியது.

மூக்கில் கட்டும் கைலேஞ்சியும், தூசுக்குப் போடும் முகக்கவசமும் ஆவியைத் தடுக்கா. இரசாயன ஆவிக்கான வடிகட்டி பொருத்திய முகக்கவசம், கையுறை, கண்ணாடி மூன்றும் வேண்டும். ஹார்ட்னர் ஒரு துளி கண்ணில் பட்டாலும் பார்வை போகலாம். ஸ்டைரீன் ஆவி 31 பாகை செல்சியஸிலேயே தீப்பற்றக்கூடியது, அசிட்டோன் அதைவிட விரைவாகப் பற்றும். சிகரட்டும் சாதாரண மின்குமிழும் அறைக்குள் கூடாது. வேலை நடக்கும்போது மேலே ஒருவர் எப்போதும் நிற்க வேண்டும்.

ஹாட்வெயார் வியாபாரிகளுக்கும் ஒரு சொல். ரெசினுக்குச் சேர்க்கும் கோபால்ட்டையும் ஹார்ட்னரையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். இரண்டும் நேரடியாகக் கலந்தால் வெடிக்கும். ஜெல் கோட்டின் ஆயுள் மாதக் கணக்கானது. தகரக் கூரையின் கீழ் வெப்பமான களஞ்சியத்தில் அது இன்னும் குறையும். உற்பத்தித் திகதியைப் பார்த்து வாங்கி, பழையதை முதலில் விற்பதும், காலாவதியானதை விற்காமல் விடுவதும் நம்பிக்கையைக் காக்கும். மீன் அறைக்கென்று கேட்டு வருபவருக்கு உணவுப் பொருள் படுவதற்கு ஏற்றது என்ற சான்றுள்ள சரக்கையே கொடுங்கள்.

செலவா, முதலீடா?

2022இல் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து சில மாதங்களில் 360 ரூபா வரை ஏறியபோது, இறக்குமதிப் பொருள் எல்லாவற்றின் விலையும் உயர்ந்தது. எரிபொருள் இன்றிப் படகுகள் துறைமுகத்தில் கிடந்தன. அந்த அனுபவம் தரும் பாடம் ஒன்றுண்டு. எரிபொருளின் விலையும் டொலரின் விலையும் முதலாளியின் கையில் இல்லை. கொண்டுபோன ஐஸ் எத்தனை நாள் நிற்கிறது என்பது பெருமளவு அவர் கையில் இருக்கிறது.

ஆகவே பழைய படகு வாங்குபவர்கள் என்ஜினை இயக்கிப் பார்ப்பதோடு, ஒரு டோர்ச்சும் சிறு சுத்தியலும் எடுத்துக்கொண்டு மீன் அறையையும் பாருங்கள். புதிதாகப் பெயின்ட் அடித்த அறை என்றால் இரட்டிப்புக் கவனம் தேவை. விற்பவர்களும் சுவரில் உள்ள குறையைச் சொல்லியே விலை பேசுங்கள். படகு வைத்திருப்போர் ஒவ்வொரு பயணம் முடிந்ததும் உட்சுவரைக் கழுவிப் பார்த்து, நகக்கண் அளவு வெடிப்பையும் அன்றே அடைத்துவிடுங்கள். அதற்குச் சில நூறு கிராம் ஜெல் கோட்டும் ஒரு நாள் வேலையும் போதும். விட்டுவிட்டால் போம் முழுவதையும் வெட்டி எடுக்க வேண்டிய நாள் வரும்.