தகடு போகிறது, நிலக்கரி வருகிறது

பினாங்குக்காரர்களுக்கு மின்சார வண்டி புதிதல்ல. 1906இலேயே ஜார்ஜ் டவுன் தெருக்களில் மின்சார டிராம் ஓடியது. 1925இல் டிராலி பஸ் வந்தது. தலைக்கு மேல் கம்பி, காலுக்கு ரப்பர் டயர், புகையே கிடையாது. 1961இல் அதையும் நிறுத்தி டீசல் பஸ்ஸுக்கு மாறினோம். அன்று அதற்கு முன்னேற்றம் என்று பெயர். 2025 ஜனவரியில் முத்தியாரா எல்.ஆர்.டி. மின்ரயில் பாதைக்கு அடிக்கல் நாட்டியபோதும் அதே சொல்தான் மேடையேறியது.

மின்சாரமும் அப்போது ஊருடையதாகத்தான் இருந்தது. 1904இல் நகராட்சி மின்நிலையம் கட்டியது. 1976இல் தேசிய மின்சார வாரியத்தின் கைக்குப் போகும்வரை மின்சாரம் விற்றதும் பில் போட்டதும் உள்ளூர் ஆட்சிதான். இன்று தீபகற்பத்தின் கட்டமைப்பில் ஓடும் மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியிலும் இயற்கை வாயுவிலும் பிறக்கிறது. நிலக்கரி நம் மண்ணில் தோண்டியதல்ல. பெரும்பாலும் இந்தோனேசியாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் கப்பலில் வந்து, பேராக் மாநிலத்து மஞ்சோங் போன்ற இடங்களில் இறங்குகிறது.

எதிர்த்திசையில் போவது என்ன என்று பார்த்தால்தான் வேடிக்கை. பட்டர்வொர்த்திலிருந்து கிழக்கே, கெடா எல்லைக்குள் இருக்கிறது கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா. அங்கே 2008 முதல் ஃபர்ஸ்ட் சோலார் என்ற அமெரிக்க நிறுவனம் சூரியத் தகடு செய்கிறது. கண்ணாடிமேல் காட்மியம் டெலுரைடு படலம், தலைமுடியைவிட மெல்லியது. சீனத் தகடுகள்மீது மேற்கு நாடுகள் வரி போட்டதும் சீனாவின் ஜிங்கோ சோலார் 2015இல் பினாங்குக்கு வந்து ஆலை திறந்தது. 2025இல் அமெரிக்கா, மலேசியா வழியாக வரும் தகடுகளுக்கும் தண்டனை வரி போட்டுவிட்டது. ஜெர்மனியின் போஷ் நிறுவனமோ 2011இல் பினாங்கின் பத்து காவானில் பெரிய தகடு ஆலை கட்டப்போவதாக அறிவித்தது; தகடு விலை சரிந்ததும் திட்டத்தைக் கைவிட்டது; 2013இல் அந்தத் தொழிலுக்கே முழுக்குப் போட்டது. வெயில் நம்முடையது, வேலை நம்முடையது. வரிக்கணக்கு மட்டும் வேறெங்கோ எழுதப்படுகிறது.

செம்பனையும் இதே கதைதான். தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு ஆலையின் வாசனை தெரியும். குலையில் எண்ணெயாக வருவது எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. மிச்சமாகும் நாரையும் கொட்டை ஓட்டையும் கொதிகலனில் எரித்து, ஆலை தன் ஆவியையும் மின்சாரத்தையும் தானே எடுத்துக்கொள்கிறது. பச்சை ஆற்றல் என்ற சொல் வருவதற்கு வெகுகாலம் முன்பே இந்தப் பழக்கம் உண்டு. கழிவுநீர்க் குளத்திலிருந்து கிளம்பும் மீத்தேனையும் மூடிப்பிடித்தால் அது எரிவாயு. விட்டுவிட்டால் வானத்தைச் சூடாக்கும் வாயு. மிஞ்சும் ஓட்டுக்கு இப்போது நல்ல விலை. ஜப்பானிய மின்நிலையங்கள் வாங்கிக்கொள்கின்றன. ஆக, கொட்டை ஓடும் சூரியத் தகடும் வெளியே போக, நிலக்கரி உள்ளே வருகிறது.

சரி, நம் வெயிலையே நம்பலாமா? ஐந்தாம் அட்சரேகைக்குப் பக்கத்தில் இருக்கிறோம். சூரியன் உச்சந்தலைக்கு மேல்தான். ஆனால் மதியமானால் மேகம் கூடிவிடும். தகடு சூட்டையும் விரும்புவதில்லை. 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் சிலிக்கான் தகடு ஏறக்குறைய 0.3 முதல் 0.4 சதவீதம் திறன் இழக்கும். கூரையில் 60 டிகிரிக்குக் காய்ந்தால் பத்து சதவீதத்துக்கு மேல் போய்விடும். இப்போது எல்லோரும் பேசும் பெரோவ்ஸ்கைட் என்ற தகட்டுப் பொருள், சிலிக்கானோடு சேர்ந்து ஆய்வுக்கூடத்தில் 34 சதவீதத்தைத் தாண்டியிருக்கிறது. ஆனால் அதற்கு ஈரமும் வெக்கையும் ஆகாது. ஈரமும் வெக்கையும் இல்லாத ஒரு நாளைப் பினாங்கில் காட்டுங்கள் பார்ப்போம்! அந்தத் தொழில்நுட்பத்துக்கு நம் புழுக்கத்தைவிடக் கடுமையான பரீட்சை கிடைக்காது.

எங்கே பதிப்பது என்பதுதான் அடுத்த சிக்கல். தீவில் நிலம் கிடையாது, கூரைதான் வயல். ஜார்ஜ் டவுனின் பழைய நகரம் 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. அங்கே சுட்ட மண் ஓட்டின்மேல் கறுப்புத் தகடு ஏற்றுவதை நான் ஆதரிக்க மாட்டேன். அந்த வீடுகளிலேயே ஒரு தொழில்நுட்பம் இருக்கிறது. வெயிலும் மழையும் படாத அஞ்சடி நடைபாதை, நடுவே வானம் பார்த்த முற்றம், அதன் வழியே மேலேறும் சூடான காற்று. பினாங்கு ஸ்ட்ரீட்டில் செட்டியார் கிட்டங்கிகள் இருந்ததும் இதே மாதிரிக் கட்டடங்களில்தான். முற்றத்துக்கு மூடி போட்டுவிட்டு ஏர்கான் மாட்டியது நாம்.

தகடு போகவேண்டிய இடம் பாயான் லெப்பாஸ், பிறை தொழிற்பேட்டைகள். இன்டெல் 1972இல் வந்ததிலிருந்து வளர்ந்த தட்டையான, அகலமான கூரைகள். பகல் முழுக்க இயந்திரம் ஓடும். வெயிலும் பகலில்தான் அடிக்கும். பேட்டரிக்கு அவசரமில்லை. இதற்கான விதையை நாமும் போட்டிருக்கிறோம். 2011இல் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் சட்டம் வந்ததிலிருந்து, மாதம் 300 யூனிட்டுக்கு மேல் எரித்த வீடுகளின் பில்லில் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் நிதிக்காக ‘கே.டபிள்யூ.டி.பி.பி.’ என்று ஒரு வரி சேர்ந்தது. முதலில் ஒரு சதவீதம், 2014இல் 1.6 ஆனது. பலர் அதை என்னவென்று கேட்காமலே கட்டினார்கள்.

விமானம் பாயான் லெப்பாஸில் இறங்கும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து கூரைகளை எண்ணுவது என் வழக்கம். தகடு மின்னும் கூரைகள் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூடுகின்றன. சக்கரம் தரையைத் தொடும்வரை எண்ணினாலும், வெறுங்கூரைகள்தான் இன்னும் அதிகம்.