ஓராள் கூடாரம்: வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

மலையகத் தேயிலைத் தோட்டங்களுக்கூடாக ஏறத்தாழ 300 கிலோமீற்றர் நீளத்தில், 22 பகுதிகளாக, 'பெக்கோ நடைபாதை' அமைக்கப்பட்டுள்ளது. கண்டி ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் இப்பாதை, பொகவந்தலாவையிலிருந்து டயகம பக்கம் வந்து ஹோட்டன் சமவெளியை நோக்கி ஏறுகிறது. அதாவது அக்கரப்பத்தனைக்கு மிக அருகில். வழிகாட்டியாகவும் சுமை தூக்குபவராகவும் போக விரும்பும் எமது இளைஞர்கள், 'எந்தக் கூடாரம் வாங்கலாம்?' என்று கேட்பது இயல்பே. வெளிநாட்டிலிருந்து வரும் தரமான, பாரம் குறைந்த ஓராள் கூடாரம் ஒன்று, தோட்டத் தொழிலாளி ஒருவரின் இரண்டு மூன்று மாதச் சம்பளத்தை விழுங்கிவிடும். ஆகவே கடைக்காரர் சொல்வதை மட்டும் நம்பி வாங்கக்கூடாது.

முதலில் நிறை. கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கென்று கிலோக் கணக்கில் கழிப்பதை நாம் அறிவோம். கூடாரம் செய்யும் கம்பனிகளும் கழிப்பார்கள், ஆனால் வேறு காரணத்துக்காக. அட்டையில் பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் துணியும் கம்புகளும் மட்டும் சேர்ந்த 'குறைந்த நிறை'. முளைகள், இழுகயிறுகள், பை எல்லாம் சேர்ந்த 'பொதி நிறை' சிறிய எழுத்தில் இருக்கும். தோளில் ஏறுவது இரண்டாவதுதான். பொதி நிறை ஒன்று முதல் ஒன்றரைக் கிலோ வரை இருந்தால் பாரம் குறைந்தது எனலாம். அதற்கும் கீழே போகப் போக விலை ஏறும், துணி மெலியும். ஒரு கிலோவுக்குக் குறைந்தவற்றில் பலவற்றுக்குச் சொந்தக் கம்பே இராது. நடைக்கம்பை ஊன்றித்தான் நிறுத்த வேண்டும். சந்தேகமிருந்தால் கடைத் தராசில் வைத்துப் பாருங்கள். மழையில் நனைந்த துணியின் நிறை இன்னும் கூடும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

அடுத்தது மழை. தென்மேல் பருவக்காற்று வீசும் மே முதல் செப்டெம்பர் வரை எமது பகுதியில் மழை எப்படியிருக்கும் என்பதை யாரும் எமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. துணி நீரைத் தாங்கும் வலுவை மில்லிமீற்றரில் குறிப்பார்கள். துணியின் மேல் ஒரு குழாயை நிறுத்தி நீர் நிரப்பினால், எவ்வளவு உயரத்தில் கசிவு தொடங்குகிறது என்பதே அந்த அளவு. மேல்விரிப்புக்கு 1,500 போதுமென்பது பொதுவான கணக்கு. தரைவிரிப்புக்கு அது போதாது. முழங்கால் ஊன்றும் இடத்தில் அழுத்தம் பல மடங்காகிறது. ஈரத் தரையில் 3,000 இருப்பது நல்லது. ஆனால் இலக்கத்தைவிடத் தையலே முக்கியம். ஊசி போன வழியெல்லாம் நீர் போகும். தையலின் உட்புறம் பட்டி ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். இரு பக்கமும் சிலிக்கன் பூசிய நைலோன் துணியில் பட்டி ஒட்டாது. அதற்குரிய பசையை நாமே பூச வேண்டும்.

மழையில் ஒழுகுகிறது என்று குறைசொல்லப்படும் கூடாரங்களில் பல உண்மையில் ஒழுகுவதில்லை. உறங்கும் மனிதனின் மூச்சிலும் தோலிலும் ஓர் இரவில் கால் லீற்றர் அளவு நீராவி வெளியேறுகிறது. குளிர்ந்த துணியில் அது பட்டுத் துளியாகி வழியும். லயத்துத் தகரக்கூரை விடியற்காலையில் உள்ளே சொட்டுவதும் இதே காரணத்தால்தான். ஒற்றைத் துணிக் கூடாரம் பாரம் குறைந்தது. ஆனால் மூடுபனியும் ஈரமும் நிறைந்த எமது மலைகளில் உறங்குபையை நனைத்துவிடும். நனைந்த உறங்குபை சூடு தராது. டிசம்பர் முதல் பெப்ரவரி வரை சில இரவுகளில் உறைபனி விழும் இடத்தில் இது உயிருக்கே ஆபத்தாகலாம். எனவே மேல்விரிப்பும் அதனுள் வலைத்துணி அறையும் கொண்ட இரட்டைக் கூடாரத்தையே நான் சொல்வேன், 300 கிராம் கூடினாலும். மேலே காற்றோட்டத் துவாரம் இருக்கிறதா, மழைபெய்யும்போதும் அதைத் திறந்துவைக்க முடியுமா என்றும் பாருங்கள். அடித்தளமில்லாத வெறும் விரிப்பு இங்கே உதவாது. அட்டை எங்கும் இருக்கிறது.

கம்பு அலுமினியமாக இருக்கட்டும். மலிவுக் கூடாரங்களின் கண்ணாடிநார்க் கம்பு காற்றில் பிளந்து, துணியையும் கிழிக்கும். நிறம் உங்கள் விருப்பம்.

நீளத்தை வாசித்து அறிய முடியாது, படுத்துத்தான் பார்க்க வேண்டும். சுவர் சரிவாக இருப்பதால் ஏழடி நீளமென்று எழுதியிருந்தாலும் தலையும் காலும் துணியில் முட்டலாம். முட்டும் இடத்தில் உறங்குபை நனையும். வாங்கியதும் லயத்து வாசலில் கட்டி, பூவாளியால் கால்மணி நேரம் நீர் ஊற்றி, உள்ளே ஒருவர் இருந்து பார்ப்பது சிறந்த சோதனை. இருட்டிலும் ஒருமுறை கட்டிப் பழகுங்கள்.

பழைய கூடாரம் மலிவாகக் கிடைத்தால் முதலில் முகர்ந்து பாருங்கள். புளித்த நாற்றமும் பிசுபிசுப்பும் இருந்தால், ஈரத்தோடு சுருட்டி வைத்ததால் உட்பூச்சு கெட்டுவிட்டது என்று பொருள். அதைத் திருத்த முடியாது. புதியதையும் ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் நிழலில் உலர்த்த வேண்டும். வெயிலில் நாட்கணக்கில் கட்டிவைத்தால் நைலோன் இற்றுவிடும்.

எவ்வளவு நல்ல கூடாரமும் தவறான இடத்தில் உதவாது. ஊர்ப்பெயரிலுள்ள 'பத்தனை' புல்வெளியைக் குறிக்கும் சொல். அந்தப் புல்வெளிகளின் பள்ளங்களில்தான் குளிர்காற்று இறங்கித் தேங்கும், உறைபனியும் அங்கேதான் முதலில் விழும். கானுக்குள்ளும், ஓடைக்கரையிலும், வெட்டிய மண்மேட்டின் அடியிலும் கட்டக்கூடாது. 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையிலும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது மலையகமெங்கும் மண் எப்படி இறங்கியது என்பதை நாம் அறிவோம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுத்திருக்கும் நாளில் பயணத்தையே ஒத்திவைக்க வேண்டும், விருந்தாளி எவ்வளவு வற்புறுத்தினாலும். 1988 முதல் தேசியப் பூங்காவாக இருக்கும் ஹோட்டன் சமவெளியில் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதியின்றித் தங்க முடியாது. தோட்டக் காணியில் தங்குவதற்குத் தோட்ட நிர்வாகத்திடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

குளிர் தாங்காமல் சிலர் கூடாரத்துக்குள் கரிச்சட்டியோ காஸ் அடுப்போ வைப்பதுண்டு. எரியும்போது உண்டாகும் காபன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். தேநீர் வெளியே கொதிக்கட்டும். உள்ளே போகுமுன் உலர்ந்த காலுறையும் கம்பளித் தொப்பியும் போட்டுக்கொண்டால், குளிரில் பாதி அடங்கிவிடும்.