காந்த நாடாவுக்குச் சாதனக் கோப்பு அமைத்தல்

திருவனந்தபுரத்தை அடுத்த தும்பா கடற்கரையிலிருந்து 1963-ஆம் ஆண்டு நவம்பர் 21-ஆம் நாள் முதல் ராக்கெட் விண்ணில் செலுத்தப்பட்டது. இத்தகைய ஆராய்ச்சி ராக்கெட் பறக்கும் காலம் சில நிமிடங்களே. அதிலுள்ள கருவிகள் வானொலி அலைகளின் வாயிலாக அனுப்பும் அளவைகளை அப்பொழுதே பதிந்துகொள்ளாவிடில் அவை மீண்டும் கிட்டா. உலகெங்கும் விண்வெளி ஆராய்ச்சியில் இப்பணிக்கு நெடுங்காலம் துணைபுரிந்தது காந்த நாடாவாகும்.

பதிந்தால் மட்டும் போதாது. பதிந்ததைக் காத்தலும் வேண்டும். 1969 ஜூலையில் மனிதன் சந்திரனில் இறங்கியபோது பதியப்பெற்ற மூல நாடாக்கள், பிற்காலத்தில் அழிக்கப்பட்டு வேறு பதிவுகளுக்கு உபயோகிக்கப்பட்டிருத்தல் வேண்டும் என்று அமெரிக்காவின் நாசா நிறுவனம் 2009-இல் அறிவித்தது. நாடாவைக் கையாள்வோர் அனைவரும் நினைவிற் கொள்ளத்தக்க செய்தி இது.

சாதனமும் ஒரு கோப்பே

அதே 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி ஆகியோர் யூனிக்ஸ் என்னும் இயக்க முறையைத் தொடங்கினர். அதன் வழியில் 1991-இல் லினக்ஸ் தோன்றியது. இந்தியக் கட்டற்ற மென்பொருள் அமைப்பு 2001 ஜூலை 20-இல் திருவனந்தபுரத்திலேயே தொடங்கப்பெற்றது. கேரளத்துப் பள்ளிகளிலும் லினக்ஸ் வழக்கில் உள்ளது. ஆகவே இம்முறை ஆசிரியர்களுக்குப் புதியதன்று.

யூனிக்ஸின் சிறப்பியல்பு யாதெனில், கணிப்பொறியுடன் இணைந்த சாதனங்களையும் அது கோப்புகளாகவே பாவிப்பதாகும். ‘டெவ்’ என்னும் அடைவில் சாதனங்களின் பெயர்கள் இருக்கும். அப்பெயருள்ள கோப்பில் தகவல் ஏதும் சேமிக்கப்படுவதில்லை. அதில் உள்ளவை இரண்டு எண்களே. முதன்மை எண், எந்த இயக்கு நிரல் பணிபுரிய வேண்டும் என்பதைக் காட்டும். துணை எண், அந்நிரலின் பொறுப்பிலுள்ள சாதனங்களில் எது, எம்முறையில் இயங்க வேண்டும் என்பதைக் காட்டும்.

லினக்ஸில் ஸ்கஸி வகை நாடாப் பொறிக்குரிய முதன்மை எண் 9. முதற் பொறியின் பெயர் ‘எஸ்டி0’. அதன் துணை எண் 0. நாடாவில் தகவல் ஒன்றன்பின் ஒன்றாக ஓடி வருவதால், இது ‘சி’ என்னும் எழுத்தாற் குறிக்கப்படும் தொடர்வகைச் சாதனமாகும். ‘எம்கேநோட்’ என்னும் கட்டளையை அடுத்து, ‘டெவ்’ அடைவு உள்ளிட்ட முழுப் பெயர், ‘சி’, 9, 0 ஆகியவற்றை வரிசையாகத் தந்தால் சாதனக் கோப்பு உருவாகும். இதனைச் செய்யும் உரிமை கணிப்பொறியின் தலைமை நிருவாகிக்கே உண்டு. கோப்பை உருவாக்கியபின், படிக்கவும் எழுதவும் யாருக்கு அனுமதி என்பதையும் வரையறுத்தல் அவசியம். இக்காலத்து லினக்ஸ், பொறியை இணைத்தவுடன் இக்கோப்புகளைத் தானே அமைத்துவிடுகின்றது. எனினும் பழுது நேருங்கால் காரணத்தை அறிய இவ்வறிவு உதவும்.

இரு பெயர், ஒரு பொறி

ஒரே பொறிக்கு ‘என்எஸ்டி0’ என்று மற்றொரு பெயரும் உண்டு. இதன் துணை எண் 128. முதற் பெயரால் எழுதினால், எழுதி முடிந்தவுடன் நாடா தொடக்கத்திற்குச் சுற்றப்படும். இரண்டாம் பெயரால் எழுதினால், நாடா நின்ற இடத்திலேயே நிற்கும். ஒரு பள்ளியில் திங்கட்கிழமையன்று மதிப்பெண் பட்டியலையும், செவ்வாய்க்கிழமையன்று வருகைப் பதிவையும் ஒரே நாடாவில் முதற் பெயராற் பதிவதாகக் கொள்வோம். செவ்வாயன்று எழுதுவது நாடாவின் தொடக்கத்திலிருந்தே அமையும். மதிப்பெண் பட்டியல் அழியும். பிழைச் செய்தி எதுவும் தோன்றாது.

இதனினும் நுட்பமான ஆபத்து ஒன்றுண்டு. சாதனக் கோப்பு இல்லாதபோதோ, பெயரைத் தவறாக எழுதியபோதோ, நிருவாகி ‘டார்’ கட்டளையால் நகலெடுத்தால், அப்பெயரில் சாதாரணக் கோப்பு ஒன்று உருவாகிவிடும். வேலை முடிந்ததாகவே தோன்றும். நாடாவிலோ ஒன்றும் இராது. இன்றைய லினக்ஸில் ‘டெவ்’ அடைவு நினைவகத்தில் அமைவதாகையால், கணிப்பொறியை நிறுத்தித் தொடங்கியதும் அந்நகலும் மறைந்துபோகும்.

இதைத் தவிர்க்கும் வழி எளிது. ‘எல்எஸ்’ கட்டளையால் விரிவான பட்டியலைக் காண்க. வரியின் முதலெழுத்து ‘சி’ எனில் அது தொடர்வகைச் சாதனக் கோப்பு. எண்கள் 9, 128 என்றிருப்பின் அது நாடாவைச் சுற்றாத பெயர். முதலில் சிறுகோடு இருப்பின் அது வெறும் கோப்பே.

நகலெடுத்தபின் நாடாவைத் தொடக்கத்திற்குச் சுற்றி, அதிலுள்ளவற்றை ஒருமுறை படித்துப் பார்த்தல் வேண்டும். பின்னர் நாடாப் பெட்டியின் எழுத்துத் தடுப்பை நகர்த்தி, நாளையும் பொருளையும் அதன்மீது குறித்து வைத்தல் நலம். மீண்டும் படித்துச் சரிபார்க்கப்பட்ட நகலே நம்பத்தக்க நகலாகும்.