ஆறின காயம் திரும்பத் திறக்குமா?

1690-ல் அயர்லாந்தின் பாய்ன் போரில் காயம்பட்ட ஒருவர், ஐம்பது வருஷம் கழித்து ஜார்ஜ் ஆன்சனின் கப்பலில் போகிறார். வழியில் ஸ்கர்வி நோய் வந்தது. என்றைக்கோ ஆறிப்போன அந்தக் காயம் ஆறவே ஆறாதது போலத் திறந்துகொண்டது என்கிறது அந்தப் பயண நூல். கதை மாதிரி இருக்குல்ல?

காரணம் இணைப்புத் திசுவில் இருக்கு. அங்கே பலவகை செல்கள் உண்டு. மேக்ரோஃபேஜ் கிருமியையும் கழிவையும் விழுங்கும். மாஸ்ட் செல் ஹிஸ்டமினை வெளியே விடும் (கொசு கடிச்ச இடம் தடிக்குதே, அதோட வேலைதான்). கொழுப்புச் செல் சேமித்து வைக்கும். ஆனா தழும்பைக் கட்டுவது ஃபைப்ரோபிளாஸ்ட். அது தயாரிக்கும் கொலாஜன், மூன்று புரி முறுக்கிய கயிறு மாதிரி. முறுக்கு நிற்கணும்னா புரோலின் என்ற அமினோ அமிலத்தில் ஹைட்ராக்சில் சேரணும். அதைச் சேர்க்கும் நொதிக்கு வைட்டமின் சி வேண்டும். இல்லாவிட்டால் உடம்புச் சூட்டிலேயே முறுக்கு பிரிந்துவிடும்.

தழும்பு என்றால் முடிந்துபோன வேலை என்று நினைக்கிறோம். அப்படியில்லை. அங்கே பழைய கொலாஜன் சிதைந்துகொண்டே இருக்கும், ஃபைப்ரோபிளாஸ்ட் புதுசு போட்டுக்கொண்டே இருக்கும். வைட்டமின் சி தீர்ந்தால் சிதைவு மட்டும் நிற்காது. அந்த மாலுமிக்கு நடந்தது அதுதான்.

ஆடும் நாயும் இந்த வைட்டமினைத் தாங்களே தயாரித்துக்கொள்ளும். நம்மால் முடியாது. 1747-ல் ஜேம்ஸ் லிண்ட், ஸ்கர்வி வந்த 12 மாலுமிகளில் 2 பேருக்கு மட்டும் ஆரஞ்சும் எலுமிச்சையும் கொடுத்துப் பார்த்தார். பழம் ஆறே நாளில் தீர்ந்துபோச்சு. அதற்குள் ஒருவர் வேலைக்குத் திரும்பும் அளவுக்குத் தேறிவிட்டார்.