சிறிய மேடையில் கற்ற பாடம்

பெற்றோர் ஈட்டிய புகழ் பிள்ளைகளுக்குத் துணையாவதும் உண்டு, சுமையாவதும் உண்டு. ஆஸ்திரிய நாட்டின் நாடக, தொலைக்காட்சி நடிகை கிறிஸ்டியானே ஹோர்பிகரின் இளமைக் காலம் இதற்குத் தக்க சான்றாகும்.

1938-ஆம் ஆண்டு அக்டோபர் 13-ஆம் நாள் வியன்னா மாநகரில் அவர் பிறந்தார். தந்தை அட்டிலா ஹோர்பிகர், தாய் பவுலா வெஸ்ஸலி இருவருமே ஜெர்மன் மொழி வழங்கும் நாடுகளில் பெரும் பெயர் பெற்ற நடிகர்கள். அவர்களுடைய மூன்று பெண்மக்களுள் கிறிஸ்டியானே நடுப்பிள்ளை. இவர் இனிப்புப் பண்டத் தொழிலை மேற்கொள்ள வேண்டுமென்பது பெற்றோரின் விருப்பம். மகளின் உள்ளமோ மேடையையே நாடிற்று.

வியன்னாவில் மாக்ஸ் ரைன்ஹார்ட் நிறுவிய புகழ்மிக்க நடிப்புப் பள்ளியில் சேர்ந்தார். ஆயினும் பயிற்சி முற்றுப்பெறவில்லை. 1889-இல் பட்டத்து இளவரசர் ருடோல்ஃபுடன் மாயர்லிங்கில் மாண்ட மேரி வெட்செராவின் கதை 1956-இல் திரைப்படமாயிற்று. அவ்வேடம் கிடைக்கவே, பள்ளியைவிட்டு விலகினார்.

1959-இல், தாயும் தந்தையும் நடித்துவந்த புர்க் நாடக அரங்கிலேயே அவருக்கு வாய்ப்புக் கிட்டியது. லெஸ்ஸிங் இயற்றிய ‘ஞானி நாத்தான்’ நாடகத்தில் நாத்தானின் வளர்ப்பு மகள் ரேகாவாகத் தோன்றினார். திறனாய்வாளர்கள் அவரது நடிப்பைக் குறைகூறினர். குடும்பப் பெயர் அரங்கின் கதவைத் திறக்கலாம். மேடையில் நிலைநிறுத்த அதனால் இயலாது அன்றோ?

அவர் மனமுடைந்து ஒதுங்கிவிடவில்லை. தலைநகரை விட்டு, ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரத்துச் சிறிய அரங்கிற்குச் சென்றார். அங்கே நடித்து நடித்தே தொழிலைக் கற்றார். பின்னர் வியன்னாவுக்குத் திரும்பினார். 1967 முதல் 1985 வரை சுவிட்சர்லாந்தின் சூரிச் நாடக அரங்கில் பணியாற்றினார். 1969 முதல் 1972 வரை சால்ஸ்பர்க் பேராலய முன்றிலில் நிகழ்ந்த ‘யேடர்மான்’ நாடகத்தில் நாயகனின் காதலியாக நடித்தார். மரண வேளையில் செல்வமும் சுற்றமும் கைவிட, நற்செயலும் விசுவாசமுமே மனிதனுக்குத் துணைநிற்பதைக் காட்டும் நாடகம் அது.

1987-இல் தொடங்கிய ‘குல்டன்பர்க் குடும்பத்தின் சொத்து’ என்னும் தொலைக்காட்சித் தொடர் அவரை இல்லந்தோறும் அறிமுகப்படுத்தியது. அப்போது அவருக்கு வயது நாற்பத்தெட்டு. 2022 நவம்பர் 30-ஆம் நாள் வியன்னாவில் காலமானார்.

முதல் முயற்சியில் தோற்ற பிள்ளையைக் கடிந்துகொள்ளும் பெற்றோர் ஹைடல்பெர்க்கை எண்ணிப் பார்ப்பார்களாக. தோல்விக்குப்பின் சிறிய இடத்திற்குச் செல்லத் துணிந்தவரே, பெரிய இடத்திற்குத் தகுதியுடன் திரும்பினார்.