பாட்டி தட்டிய தாளம்

2020-ஆம் ஆண்டு ஊரடங்கில் என் அக்கா மகளின் பரதநாட்டிய வகுப்பு கைபேசிக்குள் வந்துவிட்டது. அவளுக்கு அப்போது ஒன்பது வயது. நாற்காலியில் நாலு புத்தகத்தை அடுக்கி, அதில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு, முழங்காலை மடக்கி அரைமண்டியில் நிற்பாள். திரையில் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பன்னிரண்டு பிள்ளைகள். டீச்சர் தட்டுக்கழியால் தட்டி "தெய்யா தெய்" என்று தொடங்குவார். முதல் காலம், அதாவது மெதுவான வேகம், ஒழுங்காகப் போகும். மூன்றாம் காலம் வந்ததும் தாளம் ஆளுக்கொரு பக்கம் இழுக்கும். "எல்லாரும் மைக்கை அணைச்சிடுங்க" என்பார் டீச்சர். அதன் பிறகு இவளுக்குத் தோழிகளின் காலடி கேட்காது.

ஏன் இழுத்தது? கணக்குப் போட்டுப் பார்ப்போம். முதல் காலத்தில் வினாடிக்கு ஒரு தட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் காலத்தில் இரண்டு, மூன்றாம் காலத்தில் நான்கு. அப்படியானால் ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவே கால் வினாடிதான். காற்றில் ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் ஓடுகிறது. வகுப்பில் மூன்று மீட்டர் தள்ளி நிற்கும் பிள்ளையின் காதை அது எட்ட, வினாடியில் நூறில் ஒரு பங்குகூட ஆகாது. கைபேசியிலோ ஒலியைத் துண்டு துண்டாக நறுக்கி, கோபுரமும் கம்பியும் கணினியும் கடந்து, மறுபடி கோத்துத் தர வேண்டும். அதில் கால் வினாடி போனால் ஒரு முழுத் தட்டு பிந்திவிடும்! அதுவும் வீட்டுக்கு வீடு ஒவ்வோர் அளவு தாமதம்.

சரி, தனியாக ஆடினால் போதாதா? சேர்ந்து ஆடுவதில் என்ன இருக்கிறது என்று பார்க்க ஒரு தீவுக்குப் போவோம்.

பிரேசிலில், அமேசான் ஆறு கடலில் கலக்கும் இடத்தில், மராஜோ என்றொரு பெரிய தீவு இருக்கிறது. அங்கே 264 பள்ளி மாணவர்களை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2015-இல் வெளிவந்தது. மாணவர்களைச் சிறு குழுக்களாகப் பிரித்து அசைவுகளைச் சொல்லிக்கொடுத்தார்கள். சில குழுக்கள் நின்று, உடம்பு முழுவதையும் அசைத்து ஆடின. சில குழுக்கள் உட்கார்ந்தபடி கையை மட்டும் அசைத்தன. இரண்டு வகையிலும் சிலர் ஒரே அசைவை ஒரே நேரத்தில் செய்தார்கள், மற்றவர்கள் ஆளுக்கொன்றாகச் செய்தார்கள். ரத்த அழுத்தம் பார்க்கும்போது டாக்டர் கையில் சுற்றுவாரே ஒரு பட்டை, அதை ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் சுற்றிக் காற்றடித்தார்கள். இறுக்கம் வலிக்கும்போது நிறுத்தச் சொல்ல வேண்டும். உடம்பு களைக்க ஆடியவர்களுக்கு வலி தாங்கும் அளவு கூடியிருந்தது. அது எனக்கு வியப்பில்லை. கையை மட்டும் அசைத்தாலும், சேர்ந்து அசைத்ததற்கே தனியாக ஒரு பலன் இருந்தது என்று படித்தபோதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

வலியை ஏன் அளந்தார்கள்? எண்டார்ஃபின் என்பது நம் உடம்பே சுரக்கும் வலிநிவாரணி. மனதுக்கும் இதம் தருவது. மூளைக்குள் அது எவ்வளவு சுரக்கிறது என்று நேராக அளப்பது எளிதல்ல. ஆகவேதான் வலி தாங்கும் அளவை வைத்து ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள்.

அந்த ஆய்வைப் படித்ததும் எங்கள் வீட்டுப் பாட்டிதான் நினைவுக்கு வந்தார். ஊரடங்கின்போது தாத்தா இறந்து சில மாதங்களே ஆகியிருந்தன. துக்கம் விசாரிக்கக்கூட யாரும் வர முடியவில்லை. பாட்டி ஜன்னலோரம் உட்கார்ந்தே இருப்பார். ஒருநாள் வகுப்பில் தாளம் பிசகிப் பிசகி, அக்கா மகள் அழாத குறை. பாட்டி மெல்ல எழுந்துபோய்ப் பூரிக்கட்டையை எடுத்து வந்தார். மணைப்பலகையில் "டக், டக்" என்று தட்டினார். பிந்தாத தாளம்! நாலைந்து நாள் கழித்து, "எனக்கும் அந்த முத்திரையைக் காட்டு" என்றார். முட்டிவலி, நிற்க முடியாது. உட்கார்ந்தபடியே பேத்தியோடு சேர்ந்து பதாகம் என்ற கைமுத்திரையைப் பிடிப்பார். "கட்டைவிரலை இன்னும் மடக்குங்க பாட்டி" என்று இவள் திருத்துவாள்.

புதிதாக ஓர் அடவை, அதாவது நடனத்தின் அடிப்படை அசைவை, கற்கும்போது ஒவ்வொரு தட்டையும் யோசித்துத்தான் போட வேண்டும். விடாமல் பழகினால் சிறுமூளையும் மூளையின் வேறு சில பகுதிகளும் சேர்ந்து அந்த வேலையைத் தங்கள் பொறுப்பில் எடுத்துக்கொள்கின்றன. மனம் கலங்கிய நாளிலும் கால் மறக்காது. அதன்மேல் கையும் கண்ணும் கழுத்தும் சேரும்போது கவனமெல்லாம் அங்கேயே போய்விடும். கவலையை அசைபோட நேரம் கிடைக்காது. நல்ல நாளிலேயே பழகிவையுங்கள் என்று நான் பிள்ளைகளிடம் சொல்வது இதனால்தான். நடனம் துக்கத்தைத் துடைத்துவிடாது. தட்டி முடித்த பிறகும் பாட்டி சில நாள் அழுதார். பல நாள் விடாத வருத்தம் இருந்தால், நீங்கள் நம்பும் பெரியவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

இப்போது ஒரு சோதனை. நண்பரோடு வீடியோ அழைப்பில் பேசியபடி இருவரும் ஒன்றாகக் கைதட்டுங்கள். வினாடிக்கு ஒன்று, பிறகு இரண்டு, பிறகு நான்கு. எந்தக் காலத்தில் பிசகுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த நாள் அவர் வீட்டுக்கே போய், எதிரெதிரே உட்கார்ந்து அதையே தட்டிப் பாருங்கள். அவர் வீட்டில் பாட்டி இருந்தால் அவரையும் கூப்பிடுங்கள்.