எக்ஸ்ரேயில் கல் தெரியவில்லை என்றால் கல் இல்லையா?

நாரிப் பக்கம் வலி என்றதும் ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, "கல் ஒன்றும் இல்லையாம்" என்று நிம்மதியாகிவிடும் பலரை எங்கள் கொட்டாஞ்சேனையில் கண்டிருக்கிறேன். அந்த நிம்மதி எப்போதும் சரியாக இருக்காது.

வைத்தியர் துண்டில் கே.யு.பி. என்று எழுதுவது இந்த எக்ஸ்ரேயைத்தான். சிறுநீரகம், சிறுநீர்க்குழாய், சிறுநீர்ப்பை ஆகியவற்றின் ஆங்கில முதலெழுத்துகள் அவை. மருந்து ஏதும் ஏற்றாமல், மல்லாந்து படுக்கவைத்து, வயிறு முழுவதையும் இடுப்பெலும்பின் அடிவரை படமெடுப்பார்கள். சில நிமிட வேலை, செலவும் குறைவு.

எலும்பு வெள்ளையாகத் தெரிவதற்குக் காரணம் அதிலுள்ள கல்சியம். கல்சியம் சேர்ந்த சிறுநீரகக் கற்களும் அப்படியே தெரியும். பெரும்பாலான கற்கள் இந்த வகைதான். ஆனால் யூரிக் அமிலக் கல் சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாது. கல் மிகச் சிறிதாக இருந்தாலோ, குடலிலுள்ள காற்றோ மலமோ மறைத்தாலோ கல்சியக் கல்லும் கண்ணில் படாது. மறுபுறம், இடுப்பு நாளங்களில் படியும் கல்சியப் புள்ளிகள் கல்லைப்போலத் தோன்றி ஏமாற்றுவதும் உண்டு. என்னுடைய படத்திலும் ஒன்றும் தெரியவில்லை. ஸ்கானில்தான் சிறுநீரகம் வீங்கியிருப்பது தெரிந்தது.

அப்படியானால் இந்தப் படம் எதற்கு? ஏற்கெனவே கண்டறிந்த கல் நகர்ந்திருக்கிறதா, வளர்ந்திருக்கிறதா என்று பார்ப்பதற்கு. அதிர்வலையால் உடைத்தபின் துண்டுகள் மிச்சமிருக்கின்றனவா என்று அறிவதற்கு. உள்ளே வைத்த ஸ்டென்ட் குழாய் உரிய இடத்தில் இருக்கிறதா என்று உறுதிசெய்வதற்கு. கல்லைத் தேடுவதற்கு சி.ரி. ஸ்கான்தான் அதிக நம்பகமானது. ஆனால் அதில் கதிர்வீச்சு பொதுவாகக் கூடுதல். அல்ட்ராசவுண்டில் கதிர்வீச்சே இல்லை என்பதால் கர்ப்பிணிகளுக்கும் பிள்ளைகளுக்கும் அதையே முதலில் செய்வார்கள். கர்ப்பமாக இருக்கக்கூடும் என்றால் எக்ஸ்ரே அறைக்குள் போகுமுன் சொல்லிவிடுங்கள்.

வலி நின்றதும் கல் போய்விட்டது என்று எண்ணவேண்டாம். அடைப்பு சத்தமில்லாமல் தொடர்ந்தால் சிறுநீரகம் மெல்லமெல்லப் பழுதாகும். வலியோடு காய்ச்சலும் நடுக்கமும் வந்தாலோ, சிறுநீர் நின்றுபோனாலோ, விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். கொழும்பு தேசிய வைத்தியசாலை எங்களுக்குத் தூரமில்லை. அரச வைத்தியசாலை என்பதால் சிகிச்சைக்குக் கட்டணமும் இல்லை.

போகும்போது பழைய எக்ஸ்ரே படங்களையும் எடுத்துச் செல்லுங்கள். கல் இடம் மாறியிருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க வைத்தியருக்கு அவை தேவைப்படும்.